சிப்பாய்க் கரையானில் மல்லிகை வாசனை

ஒரு சிப்பாய்க் கரையானை, அது பீச்சாமல் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட எங்கள் டிபார்ட்மெண்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில், பூச்சி ஆராய்ச்சி செய்யும் லேபில், கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். வயதாகி வேலை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும், கரையான் என்றால் எனக்குத்தான் போன் வரும்.

கரையான் என்றால் நிலைக்கதவை அரிப்பது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். புல் தின்கிற சாதி ஒன்று உண்டு. செம்பாக்கம் ஏரிக்கரையில் புல்லுக்கு அடியில் மண்ணுக்குள் குடியிருக்கும். அதில் புல்லை வெட்டிச் சுமக்கிற வேலைக்காரக் கரையான் வேறு, காவலுக்கு நிற்கிற சிப்பாய் வேறு. சிப்பாயின் தலை பழுப்பாக, முன்பக்கம் ஊசி மாதிரி நீண்டிருக்கும். அதற்குக் கடிக்கத் தெரியாது. எறும்பு வந்தால் அந்த ஊசி வழியாக நூல் போலப் பசையைப் பீச்சும். எறும்பின் காலும் மீசையும் ஒட்டிக்கொண்டு, அது இருந்த இடத்திலேயே உருளும்.

அந்தப் பசையை முதல் தடவை மோந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் சட்டை ஞாபகம் வந்தது. அவர் பெயிண்டர். டர்பன்டைன் வாசனை, அப்படியே. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

டீச்சர் என்று நான் சொல்வது ஊரப்பாக்கத்திலிருந்து ட்ரெயினில் வருகிறவரை. வேறொரு காலேஜில் கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கிறார். டாக்டர் பட்டத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் எங்கள் லேபுக்கு வருவார். மதியம் மூலையில் பாயை விரித்துத் தொழுதுவிட்டு, உடனே எழுந்து குப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பிள்ளைகள் ஸ்கூல் போகின்றன. படிப்பு இழுத்துக்கொண்டே போனதில் மாமியாருக்குச் சலிப்பு. இந்தத் தடவை ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"டர்பன்டைன்தான் அக்கா. பைன் மரத்துப் பிசின்ல இருக்கிற அதே சரக்கு," என்றார். "அந்த வாசனை காத்துல பறந்துடும். கூட இருக்கிற பசை நின்னு இறுகிடும்."

"பெயிண்ட்ல தின்னர் பறந்து போய் கலரு நிக்கிற மாதிரி."

"அதேதான். வாசனைக்கு இன்னொரு வேலையும் இருக்கு. மத்த சிப்பாய்ங்களுக்குத் தகவல் போயிடும்."

நான் வீட்டுக்காரரோடு அத்தனை வருடம் வாழ்ந்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு வேண்டியது அந்தச் சாறு, பீச்சுவதற்கு முன்னால் சிப்பாயின் தலைக்குள் இருக்கிறபடி. அங்கேதான் சிக்கல். பிரஷ்ஷின் மயிர் பட்டாலே அது பீச்சிவிடும். மூச்சுக்காற்று பட்டாலும் பீச்சும்.

"பத்து எடுத்தா ஒம்போது துப்பிடுது அக்கா," என்று டீச்சர் கண் கலங்கினார்.

"துப்பாம இன்னா பண்ணும்? வூட்டுக்குள்ள பூந்து மூக்கப் புடிச்சா நீங்க சும்மா இருப்பீங்களா?"

அன்றைக்கு என் பையில் பூக்கட்டும் வாழைநார் இருந்தது. காலையில் கட்டியது போக மீதி, ஈரமாக. ஒரு இழையைக் கிழித்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சிப்பாய்க்கு முன்னால் வைத்தேன். தொடவில்லை. அதுவாக ஏறி நடந்து வந்தது. குப்பியை ஐஸில் வைத்து, நாரை அதன் வாய்க்குள் மெல்ல விட்டேன். குளிர் ஏற ஏற சிப்பாய் கால் தளர்ந்து, ஒரு சொட்டுப் பீச்சாமல் கீழே விழுந்தது. டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வேலைக்காரக் கரையானை டீச்சர் பிரஷ்ஷால் எடுப்பார். சிப்பாயை நான் நாரால் எடுப்பேன். பிறகு ஒரு கரைசலை ஊற்றி, சாறு இறங்கியதும் வேறொரு ஊரில் இருக்கிற மிஷினுக்கு அனுப்புவார்கள். சாற்றில் என்னென்ன இருக்கிறது என்று அந்த மிஷின் பிரித்து, மலை மலையாகக் கோடு போட்டுக் காகிதத்தில் கொடுக்கும்.

மழைக்காலம் முடிந்து காகிதம் வந்தது. டீச்சர் ஒரு டப்பாவோடு ஓடி வந்தார். அவர் மாமியார் தன் கையால் செய்த தம்ரூட். படிப்பு எதற்கு என்று கேட்ட அதே மாமியார். ரவையும் நெய்யுமாக மணந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

"அக்கா, இந்த மலையப் பாருங்க. இது பேரு லினலூல். மல்லிப்பூ வாசனையில இருக்கிறது. வேலைக்காரக் கரையான்ல இது துளி கூட இல்ல. சிப்பாய்ல மட்டும்தான். நானும் மேடமும் தேடிப் பாத்துட்டோம், இந்தச் சாதியில இப்படி யாரும் எழுதினதே இல்ல."

மேடம் என்றால் எங்கள் டிபார்ட்மெண்ட் தலைவி, டீச்சருக்கு வழிகாட்டி. எதற்கும் லேசில் சிரிக்க மாட்டார். அன்று சிரித்தார்.

மூன்றாவது துண்டை டப்பாவிலேயே வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் சிப்பாயை மோந்திருக்கிறேன். ஒன்றில் கூட மல்லி வாசனை வந்ததில்லை. கை கழுவப் போகிற மாதிரி வெளியே போய், பையிலிருந்த நாரை எடுத்து மூக்கில் வைத்தேன். தினம் விடியற்காலையில் மல்லி கட்டுகிறவள் நான். நாரும் பூவும் ஒரே ஈரத்துணியில் கிடக்கும். குழாயடியில் அலசினேன். வாசனை போகவில்லை.

அன்று சொல்லவில்லை. அதை மறைக்க மாட்டேன். பல்லாவரம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தபோது, சொன்னால் என்னவாகும் என்றுதான் யோசித்தேன். கமிட்டிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. டீச்சர் படிப்பு போய்விடும். என் கைக்கு இருந்த பேரும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. பொய்யான மலை ஒன்றின் மேல் என் கையைப் புகழ்ந்தால், அந்தப் புகழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுநாள் டீச்சர் வருகிற நாள் இல்லை. போன் போட்டு வரச் சொன்னேன். மேடமும் இருந்தார்.

"டீச்சர், அந்த மல்லி வாசன பூச்சிகிட்ட இல்ல. என் நாருல கீது."

டீச்சர் காகிதத்தை எடுத்து அந்த மலையை மறுபடி பார்த்தார்.

"அக்கா, யோசிச்சு சொல்லுங்க. சின்ன விஷயம் இல்ல இது," என்றார் மேடம்.

"ராத்திரி பூரா யோசிச்சுட்டேன் மேடம். பூ கட்டுற நாரு அது. சிப்பாய மட்டும்தான் அதால எடுத்தேன். அதான் சிப்பாய்ல மட்டும் வாசன வந்துகினு கீது. வேலைக்காரனுக்கு டீச்சர் பிரஷ்."

"இவ்வளவு நாளா இதச் சொல்லலையே நீங்க."

"நீங்க கேக்கல. நானும் நெனைக்கல."

மேடம் என் பையிலிருந்த நாரை வாங்கி, பூச்சியே இல்லாமல் கரைசலில் ஊறப்போட்டு மிஷினுக்கு அனுப்பினார். அதே மலை, இன்னும் பெரிதாக எழும்பி வந்தது. பழைய குப்பிகளைக் கொட்டிக் கழுவியவளும் நான்தான். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "இப்ப எதால எடுக்கிறது அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு இரண்டு நாள் ஆனது. தென்னை ஈர்க்குச்சி கிட்டே போனாலே பீச்சியது. கண்ணாடிக் குச்சியில் ஏற மாட்டேன் என்றது. மூன்றாம் நாள் ஏரிக்கரையில் குந்திக்கொண்டு, அது தானாக எதில் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புல்லில் நடந்தது. வேறு எதில் நடக்கும், அதன் சோறே புல்தானே. அந்த இடத்துப் புல்லையே ஒன்று கிள்ளி நீட்டினேன். வீட்டு வாசலில் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டது.

"டீச்சர், இந்தப் புல்லயும் தனியா ஊறப்போட்டு மிஷினுக்கு அனுப்பிடுங்க. நாள பின்ன இதுலருந்து ஒண்ணு கெளம்பக் கூடாது."

பத்து நாளில் இரண்டாயிரம் சிப்பாய் எடுத்தேன். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. அந்த நாட்களில் தலையில் பூ வைக்கவில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவவில்லை, வெறும் தண்ணீர்தான். மிஷினிலிருந்து காகிதம் வந்தபோது மல்லி மலை இல்லை. புல்லின் காகிதமும் சுத்தம். டர்பன்டைன் சரக்கும் பசைச் சரக்கும் நெட்டுக்குத்தாக நின்றன. புதுசாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லைதான். ஆனால் இருந்ததெல்லாம் சிப்பாயுடையது.

கமிட்டி அன்று என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். அதற்கு முன்பு அறிக்கை எழுதும்போது, நார் விஷயத்தை எழுதாமல் விட்டுவிடலாம், உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எழுதுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இல்லையென்றால் இன்னொருத்தி எங்காவது பூக்கட்டும் நாரை எடுப்பாள்.

வெளியூரிலிருந்து வந்த வயதான சார் ஒருவர் அறிக்கையில் நார் பற்றிய பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்த மல்லிகை பூச்சியோடது இல்லன்னு யார் கண்டுபிடிச்சது?"

டீச்சர் என்னைக் காட்டினார். அந்த சார் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நாரால எடுத்துத் தப்புப் பண்ணினது யாரும்மா?"

"அதுவும் நான்தான் சார்," என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். அந்த சார் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கம் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, உட்கார்ந்து பேனாவைத் திறந்து, டீச்சரின் ஒப்புதல் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டார்.