அக்காவின் தள்ளாட்டம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று படையலுக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பற்றித் தவறான செய்தி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைச் சொன்னவன் நான்தான்.

வடக்கனந்தலில், கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நான் படிக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்போடு நின்றார். எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, நான்கே ஆண்டில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். நடவு நட்டும் கரும்பு வெட்டியும் மகளை ஆசிரியை ஆக்கினார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தார். இரண்டே வாரத்தில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. “காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டா” என்று வயலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நானும் வாசலில் மறித்தேன்.

“இன்னா குடிச்ச?”

“நான் குடிக்கலடா. தரை ஆடுது. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. வாயை மோந்து பாரு.”

முகர்ந்தேன். வெற்றிலை வாசனைதான். ஆனாலும் நம்பவில்லை. கேட்டவர்களிடம், “ஜாஸ்தியா குடிக்குது” என்று சொல்லி, அவரை அறையில் வைத்துப் பூட்டினேன். உள்ளே அவர் விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. இன்று அந்த அறை காலி. ஓசை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள், வெளியூரில் வேலை பார்த்த அக்கா மகள் வந்து கதவைத் திறந்தாள். அக்காவால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

“மூணு நாளா அம்மா உள்ளதான கீது? எதைக் குடிச்சிருக்கும், மாமா?” என்றாள்.

கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

“சினைப்பையில சின்ன புற்றுநோய்க் கட்டி இருக்கு. அதை எதிர்க்கக் கிளம்புன எதிர்ப்பு சக்தி, கட்டியில இருக்கிற அதே மாதிரி புரதம் சிறுமூளையிலயும் இருக்கிறதால அதையும் தாக்குது. நடை, பேச்சு, பார்வை எல்லாத்தையும் நிதானமா வச்சிருக்கிற இடம் அது. ரொம்ப அபூர்வம். கட்டியை எடுத்துடலாம். ஆனா அழிஞ்ச செல் திரும்ப வராது.”

கட்டியை எடுத்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கவும் மருந்து கொடுத்தார்கள். தள்ளாட்டம் அதற்குமேல் கூடவில்லை, குறையவுமில்லை. இரண்டாம் ஆண்டில் புற்றுநோய் திரும்பி வந்தது.

கடைசி வாரம் நான் கஞ்சி ஊட்டியபோது அக்கா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “கதவ... பூட்டாத... டா.”

கதவு திறந்துதான் இருந்தது.

தினமும் வந்து அவரைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், அன்று திருப்பி அனுப்பிவிட்டுப் பின்னர் வந்து காலைப் பிடித்து அழுத நடவுக்காரப் பெண்களுக்கும், மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா ஒருநாளும் குடித்ததில்லை. நான் சொன்னதை நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்களிடம் இதையும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

தம்பி