மேரியின் இரண்டாவது குத்து

ஜெயங்கொண்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பதினோரு வருஷமாக ரத்தம் எடுப்பவள் ஏலாக்குறிச்சி அனிதா மேரி. 'ஒரே குத்து மேரி' என்றால்தான் சனங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் அன்றைக்கு ஒரு மனுஷனைக் காவு வாங்கப் பார்த்தது.

முந்திரிக்கொல்லைக்காரர் தங்கராசு தலைசுற்றலென்று வந்தார். நரம்பு நூல் மாதிரி இருந்தது. ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. சிவப்பு மூடிக் குழாய் பாதியில் நின்றுபோனது. மறுபடி குத்துவதா, மேரியா? ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிக்கொண்டாள். எல்லாம் ஒரே ரத்தம்தானே என்று நினைப்பு. ரத்தம் உறையாமலிருக்க ஊதாக் குழாயில் பொட்டாசிய உப்பு தடவியிருப்பார்கள். படித்ததுதான், அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ.

மெஷின் பொட்டாசியம் எட்டு என்றது. ஐந்தைத் தாண்டினாலே கவலை. பதறிப்போய் மாடியிலிருந்த டாக்டர் அழகேசனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அடுத்த நிமிஷம் கால்சியம் வந்தது. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. மேரி சிவப்புக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். உண்மையிலேயே மூன்றென்றால் இழுப்பு வந்து விழுந்திருப்பாரே, மனுஷன் நடந்தல்லவா மாடியேறினார்? கால்சியத்தை விழுங்குவதும் அதே ஊதாக் குழாய் உப்புதான்.

படிகளில் விழுந்தடித்து ஓடினாள். நர்ஸ் வேணி ஊசியில் மருந்தேற்றி நின்றிருந்தாள்.

"போடாத வேணி, நில்லு. சார், தப்பு என்னோடதுங்க. ஊதா டியூப் ரத்தத்த செவப்புல ஊத்திட்டேன்."

டாக்டரின் முகம் வெளிறியது. "இந்த மருந்து போயிருந்தா, சரியா இருக்குற பொட்டாசியமும் எறங்கி நெஞ்சு நின்னிருக்கும். தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"அப்ப திரும்ப எடு."

மேரி தங்கராசுவின் கையைப் பிடித்தாள். "மறுபடியும் குத்தணுங்கண்ணே."

"குத்து ஆத்தா. அதுக்குத்தான வந்துருக்கேன்."

இந்த முறை சிவப்புக் குழாய் முதலில் நிறைந்தது. பொட்டாசியம் நாலு, கால்சியம் ஒன்பது. மேரி மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போன வாரம் தங்கராசு மறுபரிசோதனைக்கு வந்தார். ரத்தம் பாதியில் நின்றது. மேரி வாயைத் திறக்கும் முன்னே அவர் மறு கையை நீட்டினார்.