காணிப்பாக்கம் வழியாகப் பந்தயத்துக்கு

திருப்பதிப் பக்கம் பழைய பைக் பந்தயம். நானும் கூட்டாளியும் சித்தூரிலிருந்து ஆளுக்கொரு கிழட்டு வண்டியில் கிளம்பினோம். மேட்டில் என் வண்டி இழுக்கவில்லை. முந்தின நாள் இரண்டு வண்டிகளும் நின்றது அவன் வீட்டில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அவன் சிரிப்பே பேயாகத் தெரிந்தது.

“கார்புரேட்டர்ல கை வச்சியா? வா, காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணு!”

அந்தப் பிள்ளையார்முன் பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தயங்குவான் என்று பார்த்தால், நேராகப் போய், சத்தியத்துக்கு முன் முழுக வேண்டிய கோயில் குளத்தில் முழுகி எழுந்தான்.

“நான் பண்றேன் மச்சான். நீயும் முழுவு. என் வண்டியுந்தான் முக்கிக்கினு வருது. நேத்து நீயும் அங்கதான இருந்த?”

அப்போதுதான் உறைத்தது: காலையில் இருவரும் ஒரே பங்க்கில் பெட்ரோல் போட்டிருந்தோம். சத்தியமில்லாமலே கிளம்பினோம். ஆனாலும் வழியில் டீ குடித்தபோது இருவருமே வண்டியை விட்டு இறங்கவில்லை.