முறத்துக்குப் பின்னால் அக்காவின் குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் உத்தமபாளையத்தில் இருந்தோம். எனக்கு ஆறு வயதில் மணல்வாரி கண்டது. அம்மை இறங்கிவிட்டது, காதில் சீழ் மட்டும் நிற்கவில்லை. சத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போயிற்று. எனக்கு அது தெரியவில்லை. எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து புளி கேட்டால், தச்சு வேலை பார்த்த அய்யாவின் உளியைக் கொண்டுபோய் நீட்டுவேன். அம்மாவுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். பள்ளிக்கூடத்தில் சிரிப்பு கிடையாது. வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடி கேள்வி கேட்பார். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். திமிர் என்று பிரம்பை எடுப்பார்.

கண்டுபிடித்தவள் என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா. வாய்க்காலில் துணி அலசும்போது பின்னாலிருந்து நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. முன்னால் வந்து நின்று கூப்பிட்டதும் பதில் சொன்னேன். துணியை அப்படியே போட்டுவிட்டு அய்யாவிடம் ஓடினாள்.

"அய்யா, அவளுக்குத் திமிரெல்லாம் இல்ல. மூஞ்சியப் பாத்தாத்தேன் பேச்சு வெளங்குது."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீழ் முழுக்க வற்றுவதற்குள் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. ஒரு காலையில் அம்மா பித்தளைச் சட்டியில் துவரம்பருப்பைக் கொட்டினாள். நான் அலறி எழுந்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆனால் சத்தம் வந்ததே தவிர, பேச்சு பிடிபடவில்லை. வண்டிச் சக்கரமும் மனிதக் குரலும் ஒரே இரைச்சலாக வந்து விழும். எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்றும் தெரியாது. அய்யா டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"காது தொறந்திருச்சாம். கேட்டுப் பழகுற வயசு வீணாப் போச்சுல்ல, இனிமேத்தேன் பழகணும்னு சொன்னாக."

பழக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்வாள்.

"கல்லு," என்பேன்.

"அடியே, நான் சொன்னது பல்லு!"

ஒருநாள் ஆத்திரத்தில் முறத்தைப் பிடுங்கி எறிந்தேன். அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். வீட்டுக்குள் சரியாகச் சொன்னால் தெருவுக்கு அழைத்துப் போவாள். தெருவிலும் தேறினால், தண்ணீர் இரைகிற மதகுக்குப் பக்கத்தில். ஒரு வருடம் இதுதான் எங்கள் விளையாட்டு.

பிறகு பள்ளியில் சொல்வதெழுதுதல் நடந்தது. வாத்தியார் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தபடியே சொல்லிக்கொண்டு போனார். என் பலகையில் ஒரே ஒரு பிழை. பலகையைக் கையில் வாங்கி, எப்படி என்று கேட்டார். காதில் சீழ் வந்ததையும் முறத்து விளையாட்டையும் சொன்னேன்.

"இத்தன நாளும் காது கேக்காமயா இருந்த? அடிச்சுட்டேனே ஆத்தா."

அன்றைக்குப் பிறகு கரும்பலகையில் எழுதி முடித்து, எங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் வாய் திறப்பார்.

சந்தையிலும் கல்யாண வீட்டிலும் எனக்கு இப்போதும் பேச்சு குழம்பும். குறையாகத் தோன்றியதில்லை. என் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே எதிரே வந்து நின்றுதான் பேசுவார்கள். சண்டை என்றாலும் அப்படித்தான். பாதிச் சண்டையில் யாருக்காவது சிரிப்பு வந்துவிடும்.