மற்றவன் படகில் ஒரு சுழியோடி

சுழியோடிக்கு மூச்சை அடக்கத் தெரியவேணும் என்பார்கள். சொந்தப் படகில்லாத சுழியோடிக்கு வாயையும் அடக்கத் தெரியவேணும். மற்றவன் படகில் ஏறிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எனக்கும் ஒரு படகு இருந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் ஊரான சல்லியின் கரையில் அதன் ஒரு பலகைகூட இல்லை. அந்தப் படகில் என்னோடு வேலைக்கு நின்ற தவத்துக்கு, கனடாவிலிருந்த அக்கா புதுப் படகும் இஞ்சினும் எடுத்துக் கொடுத்திருந்தார். சங்கு குளிக்க என்னையும் வரச் சொன்னான். போனேன். வேறென்ன செய்வது?

நீலம்

விருந்தாளி மண்காலோடு படகில் ஏறக்கூடாது. முதல்நாள் தண்ணிக்குள் நின்று காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஏறினேன். பெயின்ற் உரசிவிடும் என்று என் காற்றுச் சிலிண்டருக்குக் கீழே சாக்கு விரித்தேன். நல்ல நீலம். என் படகுக்கு அடிக்கவேணும் என்று நான் கனகாலமாக ஆசைப்பட்டு, அவனிடமும் சொல்லித் திரிந்த அதே நீலம். நான் பார்த்துக்கொண்டே இருந்ததைத் தவம் கண்டுவிட்டான்.

"நீங்கள் சொன்ன நிறம்தான் அண்ணை. வடிவா வந்திருக்கு, என்ன?"

வியாபாரி

கரைக்கு வந்ததும் படகு கழுவுவது விருந்தாளியின் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். என் படகை ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை. மூலைக்குள் கிடந்த மண்ணை விரலால் வழித்து எடுத்தேன். உப்புவெளியிலிருந்து சங்கு வாங்க வந்த வியாபாரி புதிய ஆள். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தவர், படகை நல்லாய் வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இது என்னுடையதில்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற தவம் முந்திவிட்டான்.

"ஓம் ஐயா, அண்ணை எந்தப் படகையும் தன்ர படகு மாதிரித்தான் பாப்பார்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குச் சுட்டது.

கீழே ஆள்

அந்த நாட்களில் துறைமுகப் பக்கம் தண்ணிக்குள் குமிழி தெரிந்தால், கப்பலுக்கு வெடி வைக்க வந்தவன் என்று நேவிக்காரர் குண்டு போடுவார்கள். எங்களிடம் கடலில் இறங்குவதற்கான பாஸ் இருந்தது. ஆனால் அன்றைக்கு ரோந்துப் படகில் வந்தவர்கள் எங்களை அறியாதவர்கள். நான் கீழே சங்கு தேடிக்கொண்டிருக்க, மேலே தவத்தை உடனே போகச் சொல்லியிருக்கிறார்கள். கீழே ஆள் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவன் சொன்னதை நம்பவில்லை. ஒருவன் குண்டைக் கையில் எடுத்துவிட்டான். தவம் குமிழி வந்த இடத்திலேயே குதித்துவிட்டான்.

நான் அண்ணாந்து பார்த்தபோது தலைக்கு மேலே இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. தவறி விழுந்துவிட்டானாக்கும் என்று நினைத்து மேலே வந்தேன். அவன் என்னைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவர்களோடு பணிவாகக் கதைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் படகில் ஏற்றி முழங்காலில் இருத்தி, பாஸைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் விட்டார்கள்.

திரும்பும்போது, என்னுடைய படகாயிருந்து அவன் கீழே இருந்திருந்தால் நான் குதித்திருப்பேனா என்று யோசித்தேன். ஏன் குதித்தாய் என்று அவனிடம் கேட்டேன்.

"என்ர படகில வந்த ஆளைக் கடலுக்குள்ள விட்டிட்டு வந்து, அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றான். அக்கா என்று அவன் சொன்னது என் மனைவியை.

ஒருவனுக்குப் படகு கிடைத்ததை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் நம்மைவிட நல்ல மனுசனாயும் இருந்து தொலைப்பதைத்தான் பொறுக்க ஏலாது.