வெள்ளையடித்த பள்ளிக்கூடம்

மட்டையை வாளியில் முக்கி, ஓர் உதறு உதறி, வழியோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டே போகிறார் பெரியமுத்து. பின்னால் ஏதோ ஜீப் வரப்போகிறது என்று அர்த்தம். மலையாள நாட்டில், மாட்டுப்பட்டிப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் துரை வந்தாலும் டாக்டர் வந்தாலும் முன்னால் போவது அவருடைய சுண்ணாம்புதான். கல் தீர்ந்தால் மரத்துக்கு அடிப்பார். மரமும் தீர்ந்துபோன ஒரு நாள், சும்மா நின்ற எருமையின் கொம்புக்கும் அடித்துவிட்டார். வந்த அதிகாரி, இது என்ன சாதி மாடு என்று விசாரித்தாராம்.

"சீமைச் சாதிங்கய்யா. புதுசா வந்துருக்கு."

புருவத்தில் எப்போதும் சுண்ணாம்புப் பொட்டுகள். எந்தச் சுவரிலும் சாய மாட்டார். தன் வேலையைத் தன் முதுகே அழித்துவிடும் என்ற பயம். "வர்றவக கண்ணுக்கு நல்லதுதாம்ல படணும். நம்ம ஓட்டைய நாம பாத்துக்கிடலாம்" என்பார்.

அவர் மனைவி வேலுத்தாய் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவள் அல்ல. "ஆமா, கூரை ஒழுகுது. இவுக செவுத்துக்குப் பவுடர் போடுதாக."

போன ஆவணியில் ஜெனீவாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார மதாம்மா வருவதாகச் சேதி வந்தது. சிறுபான்மையாக வாழ்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு கிடைக்கிறதா, அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் பிழைத்திருக்கின்றனவா என்று நாடு நாடாகப் போய்ப் பார்த்து உலகத்துக்கு எழுதுகிற சங்கத்தைச் சேர்ந்தவராம்.

"ஜெனீவா எங்கிட்டு இருக்கு?" என்றாள் வேலுத்தாய்.

"நம்ம மாட்டுப் பண்ணைக்குக் காளை வந்துச்சுல்ல, அந்தச் சீமைதான்."

தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு என்று ஒன்று பெயருக்கு இருந்தது. தமிழ் சார் மாற்றலாகிப் போனார். அடுத்த ஆள் வரவில்லை. பிள்ளைகள் மலையாள வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டார்கள். பெரியமுத்துவின் மகள் அழகுத்தாய் அவர்களில் ஒருத்தி. டீக்கடையில் ஒட்டிய தமிழ் சினிமா நோட்டீசில் படத்தின் பேரைப் படிக்கத் தெரியாது. நாயகனின் மீசையைப் பார்த்துப் பேரைச் சொல்லுவாள். இந்த வருஷமும் சார் வராவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு.

மதாம்மா வருகிறார் என்றதும் பெரியமுத்துவுக்குக் கை நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தை உள்ளும் புறமும் வெள்ளையடித்தார். பெண் பிள்ளைகளுக்குக் கும்மி பழக்க ஏற்பாடு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிவாசல் என்ற பக்கத்து ஊர்த் தோட்டத்துத் தமிழ் சார் சூசையப்பனைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நாள் லீவு போடவைத்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

எல்லாம் அம்சமாக நடந்தது. சூசையப்பன் சொல்லச்சொல்லப் பிள்ளைகள் ஓங்கிச் சொன்னார்கள். கும்மிக்கு மதாம்மாவும் கை தட்டினார். கூட வந்த மொழிபெயர்ப்புக்காரி சிசிலி வாசலில் நின்று மலையாளம் கலந்த தமிழில் அறிவித்தாள்: "மதாம்மாவுக்கு வளரெ சந்தோஷம்! இவிடெ ஒரு குறையும் இல்லைன்னு எழுதப் போறாங்க."

பெரியமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்தது. பின்னாலிருந்து வேலுத்தாயின் குரல் வந்தது.

"கேட்டீகளா? குறையே இல்லையாம். அப்பறம் எவன் சாரு அனுப்புவான்? நாளைக்குச் சூசையப்பன் சார் பஸ் ஏறிட்டாகன்னா, ஒங்க மட்டையா பாடம் நடத்தும்?"

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. துரைக்குக் காட்டுகிற மாதிரியே காட்டிவிட்டோம். இந்த அம்மாளோ குறையைத் தேடி இத்தனை தூரம் வந்தவள். வெளியே ஜீப் உறுமியது.

பெரியமுத்து விறுவிறுவென்று வகுப்புக்குள் போனார். "சாரே, எந்திரிங்க."

"ஏன்வே? இப்பத்தான உக்கார வச்சீரு! நான் இங்க தமிழ் சாரா, இல்லையா?"

"நீங்க பள்ளிவாசல் சாரு."

நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தூறல் விழுந்துகொண்டிருந்த பாதையின் நட்டநடுவில், ஜீப்புக்கு முன்னால் போட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். சிசிலி தலையை நீட்டி, "இது யாருக்கு?" என்றாள்.

"எங்க தமிழ் சாருக்கும்மா. அவுக இன்னும் வரலை. அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க, காலையில பாத்தவரு இரவல்."

சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மதாம்மா கீழே இறங்கும்வரை, அதில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல மரியாதையாகப் பின்னால் நின்றார்.