கட்டின் அடிக்குப் போன நோட்டு

ஐம்பதுகளில் அந்தமானில், போர்ட் பிளேயரில் ஆங்கில வாத்தியாராக இருந்தபோது எனக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. என் வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. கட்டுரை நோட்டைத் தாமதமாகக் கொடுத்தால் அது கட்டின் அடிக்குப் போகும். ஒரு வாரத்துக்குத் தொடமாட்டேன். "இங்கிலீஷில் இல்லாத மனுவை எந்த ஆபீஸிலும் கையால் தொடமாட்டார்கள்" என்று வேறு அடிக்கடி முழங்குவேன். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் கலந்திருந்த ஊரில் அது உண்மை மாதிரிதான் இருந்தது.

மின்னி பே என்ற பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் படிக்க வருவாள். அப்பா துறைமுகக் கூலி. இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள், பேச நா எழாது. ஒரு திங்கட்கிழமை நோட்டைத் தாமதமாக நீட்டி, "சார், ஜஹாஜ் கெளம்பறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். ஜஹாஜ் என்றால் அங்கே கப்பல்.

"இங்கிலீஷில் சொல்" என்றேன்.

உதடு மட்டும் அசைந்தது. வகுப்பு சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். நோட்டு கட்டின் அடிக்குப் போனது.

மதராஸ் கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்பியது. அடுத்த திங்களன்று அவள் நோட்டைப் பிரித்தால், உள்ளே ஒரு தனித் தாள். மதராஸ் ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம். "என் மனைவியின் வயிற்றுக் கட்டியை ஆபரேஷன் செய்ய எனக்குச் சம்மதம்." கீழே அப்பாவின் கைநாட்டு.

அன்றைக்கே மின்னி பேயில் அவள் வீட்டுக்குப் போனேன். மனைவி இரண்டு மாதமாக மதராஸில் தம்பி வீட்டில் இருப்பதாகவும், புருஷன் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்கமாட்டார்களாம் என்றும் அவள் அப்பா சொன்னார்.

"தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கலாமே?"

"சர்க்கார் ஆஸ்பத்திரியாச்சே சார். இங்கிலீஷ்ல இல்லாட்டி தொடமாட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம். தப்பில்லாம இருக்கணும்னு பாப்பா ஒங்ககிட்ட காட்டப் போச்சு."

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரிலிருந்து வாசல்காரன் வரை தமிழர்கள். தமிழில் இரண்டு வரி போதும்.

சம்மதம் என்று ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்தோம், கைநாட்டு வைத்த தாள்தான் வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம். தினமும் மரைன் ஹில்லில் ஏறி நின்று, ஒரு நாளாவது முன்னால் வந்துவிடாதா என்று கடலைப் பார்த்தேன். கப்பல் சொன்ன நாளில்தான் வந்தது. கடிதத்தை நானே துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தேன். அது நடுக்கடலில் இருக்கும்போதே அந்த அம்மாள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். இவ எழுதுனதுல தப்பு இருந்துச்சா? அதனாலதான் நிறுத்தி வெச்சீங்களா? நான் இவளப் போட்டுத் திட்டிக்கிட்டே இருக்கேன்."

அவள் தலை நிமிரவில்லை.

"ஒரு தப்பும் இல்லை" என்றேன்.

"அப்பறம் ஏன் சார் வெச்சிருந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.